ஜூன் மாதமே வேண்டும் அந்தப் புத்தகம்

பள்ளிப் பாடப்புத்தகங்களைப் பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயிலுக்கு மாற்றுகிற வேலையில் இருக்கிறேன் என்று சொன்னதும் பெரும்பாலானவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இப்பதான் எல்லாமே ஆடியோவா கிடைக்குதே, போனே படிச்சுக் காட்டுதே, இன்னும் எதுக்குப் பிரெயில்?" நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்வி பார்வையற்ற குழந்தைகளின் படிப்பை நிறையவே பாதித்திருக்கிறது என்பதால், இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு இந்தச் சொற்களை யாரையாவது சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மரம், மறம். ஏரி, ஏறி. வலி, வளி, வழி. பனி, பணி. நம் அன்றாடப் பேச்சில் ர-வும் ற-வும் எப்போதோ ஒன்றாகிவிட்டன. ந-வும் ன-வும் காதுக்கு ஒன்றுதான். ழ-வை ள-வாகச் சொல்லும் ஊர்கள் எத்தனை! பார்வையுள்ள குழந்தைக்கு இது பிரச்சினையே இல்லை. பேருந்துப் பலகை, சுவரொட்டி, மிட்டாய் உறை, கரும்பலகை என்று அந்தச் சொற்களை ஆயிரம் தடவை பார்த்துப் பார்த்தே எந்த இடத்தில் எந்த ல வரும் என்று அதற்குப் பழகிவிடுகிறது. காதால் மட்டும் படிக்கிற குழந்தைக்கு அந்த ஆயிரம் தடவையில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை.

பொதுத்தேர்வில் அந்தக் குழந்தை சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுகிறார். தேவையான ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் விடைத்தாளில் இருக்கும் எழுத்துகள் எழுதியவருடையவை. பன்னிரண்டு வருடம் படித்து, நல்ல மதிப்பெண் வாங்கி, கல்லூரிக்குப் போய், அங்கே கணினியில் தன் கையால் முதல் கடிதத்தை அடிக்கும்போதுதான் 'அன்புல்ல ஐயா' என்று வருகிறது. விவாதத்தில் யாரையும் மடக்கக்கூடிய, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மீது ஒரு குற்றமும் இல்லை. எழுத்தை அவர்கள் கையில் யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பிரெயில் அந்த எழுத்தைக் கொடுக்கிறது. ஒரு கட்டத்துக்குள் ஆறு புள்ளிகள். இடப்பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. எந்தெந்தப் புள்ளி மேடாக இருக்கிறது என்பதை வைத்து 63 வடிவங்கள் கிடைக்கும். ல என்றால் 1, 2, 3, அதாவது இடப்பக்கம் முழுவதும். ள என்றால் 4, 5, 6, வலப்பக்கம் முழுவதும். ழ-வுக்கு 1, 2, 3, 5, 6. ர-வுக்கு 1, 2, 3, 5. ற-வுக்கு 1, 2, 4, 5, 6. காதில் ஒன்றாகக் கலந்துபோகும் எழுத்துகள் விரல் நுனியில் வேறு வேறு வடிவங்களாகத் தெளிவாக நிற்கின்றன. 'பள்ளி' என்ற சொல்லை விரலால் பலமுறை தடவிப் படித்த குழந்தை அதைப் 'பல்லி' என்று எழுதாது.

லூயி பிரெயில் இந்த முறையை 1829-இல் பிரான்சில் வெளியிட்டார். இந்திய மொழிகளுக்கு ஆளாளுக்கு ஒரு முறையைப் பின்பற்றிய காலமும் இருந்தது. 1951-இல்தான் எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாகப் பாரதி பிரெயில் வந்தது. ஒலியை அடிப்படையாக வைத்த அமைப்பு அது. தமிழின் க, இந்தியின் க, வங்காளத்தின் க எல்லாவற்றுக்கும் 1, 3 என்ற அதே இரண்டு புள்ளிகள்தான்.

தமிழ் இதில் எப்படி உட்காருகிறது என்பதை நான் மெல்ல மெல்லத்தான் புரிந்துகொண்டேன். அச்சில் 'கொ' என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னால் வரும், கால் பின்னால் வரும், க நடுவில் இருக்கும். பிரெயிலில் அந்தச் சிக்கல் இல்லை. க, அடுத்து ஒ. ஒலிக்கிற வரிசையிலேயே எழுத்தும் வரும். மெய்யெழுத்துக்கு மேலே வைக்கும் புள்ளி, பிரெயிலில் தனிக் கட்டமாக (4-ஆம் புள்ளி மட்டும்) எழுத்துக்கு முன்னால் வந்துவிடும். எனவே 'பள்ளிக்கூடம்' அச்சில் ஏழு எழுத்து, பிரெயிலில் 12 கட்டம்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. எண்களுக்கு முன்னால் ஓர் எண்குறி போட வேண்டும். அதன் புள்ளிகள் 3, 4, 5, 6. அதே புள்ளிகள்தான் தமிழில் ண-வுக்கும். குழப்பம் வர வேண்டுமே, வருவதில்லை. ஏனென்றால் ண எந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் முதலெழுத்தாக வராது. ஒரு சொல் தொடங்கும் இடத்தில் விரல் அந்த வடிவத்தைத் தொட்டால், வரப்போவது எண்தான். இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்த மொழிமுதல் எழுத்துகள் இப்படி ஓர் இடத்தில் உதவிக்கு வரும் என்று நினைத்ததே இல்லை.

ஆங்கிலத்தில் நிறையச் சொற்களுக்குச் சுருக்க வடிவங்கள் உண்டு. தமிழ்ப் பாடநூல்களை நாங்கள் சுருக்கம் எதுவும் இல்லாமல் முழுதாகவே எழுதுகிறோம். ஒரு வரிக்கு 40 கட்டம், ஒரு பக்கத்துக்கு 25 வரி என்று வைத்தால், அச்சில் ஒரு பக்கம் பிரெயிலில் இரண்டரை, மூன்று பக்கமாக விரியும். தாளும் தடிமனானது. ஒரு பருவத்துப் பாடநூல் பல தொகுதிகளாகக் கட்டப்பட்டு, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனத்தில் வரும்.

சரி, வேலை எங்கே தொடங்குகிறது? கோப்பில். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன. அப்படியே எடுத்துப் பிரெயில் மென்பொருளில் போட்டால் ஆயிற்று என்றுதான் தோன்றும். டக்ஸ்பரி, லிப்லூயி போன்ற மென்பொருள்கள் தமிழை நன்றாகவே மாற்றும். ஆனால் அவற்றுக்குச் சுத்தமான யூனிகோட் எழுத்து, அதாவது எல்லாக் கணினிகளும் ஒரே மாதிரிப் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டில் உள்ள எழுத்து வேண்டும். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாகச் சிதறி வரும். யூனிகோட் வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு என்றால் தமிழே வராது, ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக ஏதோ வரும். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். இருந்தும் பழைய எழுத்துருக் கோப்புகள் இன்னும் எங்கள் மேசைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. கடைசியில் பக்கத்தைப் படமாக எடுத்து, எழுத்துணரியில் (படத்தில் இருப்பதைக் கணினி எழுத்தாக மாற்றும் மென்பொருள்) போட்டு, வரி வரியாகத் திருத்துகிறோம்.

திருத்துவது என்றால் எந்த அளவுக்கு என்று சொல்கிறேன். எங்களிடம் மெய்ப்புப் பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், பிரெயிலில் அவர் வேகத்துக்கு நான் அச்சில் படிக்க மாட்டேன். நான் அச்சுப் புத்தகத்தைக் கமா, முற்றுப்புள்ளி உட்பட சத்தமாக வாசிப்பேன். அவர் பிரெயில் தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். ஒருநாள் நடுவில் நிறுத்தினார்.

"தம்பி, இங்க கெ-ள-ர-வ-ம்னு இருக்கு."

திரையைப் பார்த்தேன். 'கௌரவம்' என்றுதான் இருந்தது. "சரியாத்தானேக்கா இருக்கு?" என்றேன்.

"நீங்க கண்ணால பார்க்காதீங்க. பின்னாடியிருந்து ஒவ்வொண்ணா அழிச்சுட்டு வாங்க."

அழித்தேன். முதலில் ள மட்டும் போனது, கெ தனியாக நின்றது. கோப்பைத் தட்டச்சு செய்தவர் யாரோ கெ, ள என்று இரண்டாக அடித்திருக்கிறார். திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிரெயிலில் கௌ என்பது இரண்டு கட்டம், கெள என்பது மூன்று கட்டம். பார்க்கிறவர்களின் கண் காலங்காலமாக மன்னித்துவிடும் பிழையை விரல் மன்னிக்காது. அன்றிலிருந்து ஒவ்வொரு கோப்பிலும் இதைத் தனியாகத் தேடுகிறோம். ஔ-வுக்குப் பதிலாக ஒ, ள; காலுக்குப் பதிலாக ர; எ-க்குப் பதிலாகத் தமிழ் எண் ஏழு. இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. யோசித்துப் பாருங்கள், மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று தன் வாழ்க்கையில் முதன்முறையாக அந்தச் சொல்லைச் சந்திப்பது எங்கள் தாளில்தான். அது தவறாக இருந்தால், தவறாகத்தான் மனத்தில் பதியும்.

எழுத்து சரியான பிறகு பக்கம். ஆசிரியர் "எல்லாரும் 42-ஆம் பக்கம் எடுங்க" என்று சொன்னால் பிரெயில் புத்தகம் வைத்திருக்கிற குழந்தையும் அதே இடத்தைத் திறக்க வேண்டும். அதனால் பிரெயில் பக்க எண்ணோடு அச்சுப் பக்க எண்ணையும் கொடுப்போம். சாதாரண வேலை மாதிரித் தெரியும். ஆனால் இது இல்லாத ஒரு புத்தகத்தோடு சாதாரணப் பள்ளி வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை, மற்றவர்கள் பாடத்தை முடிக்கும்வரை பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும்.

செய்யுளுக்குத் தனிக் கவனம் வேண்டும். முதல் குறளின் முதல் அடி 26 கட்டம், இரண்டாம் அடி 18. அழகாக வரிக்குள் அடங்கிவிடும். வான்சிறப்பில் 'துப்பார்க்குத் துப்பாய' என்று தொடங்கும் குறளின் முதல் அடியை எண்ணினால் 50 கட்டம் வருகிறது. 40-இல் அடங்காது, மடங்கும். மடங்கிய பகுதியை உள்தள்ளிக் கொடுக்காவிட்டால் குறளுக்கு மூன்று அடி இருப்பதாகக் குழந்தை நினைத்துக்கொள்ளும். அடி, சீர் என்று அடுத்த வகுப்பில் யாப்பு கற்பிக்கும்போது இது எவ்வளவு முக்கியம் என்று தமிழாசிரியர்களுக்குத் தெரியும்.

'பொருத்துக' பகுதியை அச்சில் இரண்டு பத்தியாகப் போடுவார்கள். 40 கட்ட அகலத்தில் அது முடியாது. முதல் பட்டியலை முழுதாகக் கொடுத்து, கீழே இரண்டாவது பட்டியலைக் கொடுப்போம். அட்டவணைகளுக்கும் இதே மாதிரி ஏதாவது வழி கண்டுபிடிக்க வேண்டும். அறிவியல் பாடத்தில் தமிழுக்கு நடுவே ஆங்கிலச் சொல் வரும் இடம் இன்னும் வம்பு. ஆங்கில எழுத்துகளுக்கும் அதே கட்டங்கள்தானே. 'செல்' என்பதை ஆங்கிலத்தில் சி, இ, எல், எல் என்று எழுதினால், தமிழ் என்று நினைத்துப் படிக்கிற விரலுக்கு அது ச, ஏ, ல, ல. 'சேலல' என்று ஒரு புதுச் சொல்! இங்கே மொழி மாறுகிறது என்று முன்னால் ஒரு குறி கொடுத்தாக வேண்டும். எல்லாப் புத்தகத்திலும் ஒரே குறியாகக் கொடுக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம்.

இந்த வேலையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது படங்கள். இன்றைய பாடநூல்கள் வண்ணப் படங்களால் நிறைந்திருக்கின்றன. குழந்தைகளுக்கு அது நல்லதுதான். 'படத்தைப் பார்த்து விடை எழுதுக' என்று வரும்போது நாங்கள் என்ன செய்வது? 'படம் நீக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்கிற புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் படிக்கும்போது கோபம் வரும். நீக்கியது படத்தை மட்டும் இல்லை, அந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான்.

படத்தை விவரித்து எழுதலாம். ஆனால் விவரிப்பு விடையைச் சொல்லிவிடக் கூடாது. இலையின் படத்தைப் போட்டு 'இதன் நரம்பமைப்பு என்ன?' என்று கேட்டிருந்தால், 'வலைப்பின்னல் நரம்பமைப்புள்ள இலை' என்று விவரித்து என்ன பயன்? அந்த இடத்தில் ஆசிரியருக்கு ஒரு குறிப்பு எழுதிவிடுகிறோம்: செம்பருத்தி இலை ஒன்றும் புல்லின் இலை ஒன்றும் மாணவர் கையில் கொடுக்கவும், அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லவும். செம்பருத்தியில் நரம்புகள் கிளை பிரிந்து ஓடுவதும், புல்லில் நீளவாக்கில் நேராக ஓடுவதும் விரலுக்கு நன்றாகத் தெரியும். என்னைக் கேட்டால், அச்சுப் படத்தைப் பார்க்கிற குழந்தைகளுக்கும் இதையே செய்யலாம்.

வரைபடம் என்றால் தொட்டுணரும் படமாகச் செய்ய வேண்டும். தையல்காரர்கள் துணியில் கோடு போடப் பயன்படுத்துகிற பல்சக்கரம் ஒன்று போதும். ரப்பர் விரிப்பின் மேல் தடித்த தாளை வைத்து, பின்பக்கமாக அழுத்தி ஓட்டினால் முன்பக்கம் புள்ளிக்கோடு மேடாக எழும். பின்பக்கமாக வரைவதால் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றி வரைய வேண்டும். இந்திய வரைபடத்தில் ஆறுகள், மாநில எல்லைகள், நகரங்கள் என்று அச்சில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே தாளில் ஏற்றினால் விரலுக்கு ஒன்றுமே புரியாது. நெருங்கிய இரண்டு கோடுகளை விரல் ஒன்றாகத்தான் உணரும். அதனால் எல்லைக்கோடு ஒரு தாள், ஆறுகள் ஒரு தாள், மாநிலங்கள் ஒரு தாள். எதை விடுவது என்பதுதான் இதில் கடினமான முடிவு.

கணக்குக்கு ஆப்ரகாம் நெமத் உருவாக்கிய குறியீட்டு முறை இருக்கிறது. அவரே பார்வையற்றவர், கணிதப் பேராசிரியர். 1952-இல் வெளிவந்தது அந்த முறை. அதில் பின்னம் தொடங்கும் இடத்துக்கு ஒரு குறி, கோட்டுக்கு ஒரு குறி, முடியும் இடத்துக்கு ஒரு குறி. மேலும் கீழுமாக அச்சில் அடுக்கியிருப்பது ஒரே வரிசையில் ஓடும். அடுக்கு, வர்க்கமூலம், சமன்பாடு எல்லாவற்றையும் எழுதலாம். எழுதத் தெரிந்தவர்கள்தான் குறைவு. எங்களுக்கு வரும் புத்தகங்களில் தமிழும் சமூக அறிவியலும் முதலில் முடியும், கணக்கு கடைசியில் நிற்கும். நான் பார்த்த பார்வையற்ற மாணவர்களில் பெரும்பாலானோர் பிளஸ் ஒன்னில் கலைப் பிரிவைத்தான் எடுத்தார்கள். விரும்பி எடுத்தவர்களும் உண்டு. ஆனால் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகமே கைக்கு வராத பிள்ளையிடம் "உனக்குக் கணக்கு வராது" என்று சொல்வது அநியாயம்.

தாமதம்தான் இதில் பெரிய வலி. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், ஜூனில் பள்ளி திறந்தது, காலாண்டுத் தேர்வும் முடிந்தது, அதற்குப் பிறகுதான் பிரெயில் புத்தகத்தின் முதல் தொகுதி வந்து சேர்ந்தது. அதுவரை அந்தக் குழந்தை பக்கத்தில் இருக்கும் தோழி வாசித்துக் காட்டியதைக் கேட்டுக்கொண்டு படித்திருக்கிறது. காரணங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். கோப்பு தாமதமாக வரும், புதிய பதிப்பில் இரண்டு பாடம் மாறியிருக்கும், அதனால் பக்க எண் முழுவதும் மாறும், அச்சடிக்கிற எம்பாஸர் பழுதாகும், தாள் தீரும். சரிதான். ஆனால் பார்வையுள்ள குழந்தைக்குப் புத்தகம் நான்கு மாதம் வராவிட்டால் செய்தித்தாளில் வரும்.

சட்டத்தில் குறையில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வரையறுத்த அளவுக்குக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகங்களையும் கற்றல் பொருள்களையும் கட்டணமின்றிக் கொடுக்கச் சொல்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் நூல்களை மாற்ற வழி செய்திருக்கிறது. இதையே உலக அளவில் பேசிய மராக்கேஷ் ஒப்பந்தத்தை, 2014-இல் முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியாதான். கருவிகளுக்கும் அவ்வளவு பஞ்சமில்லை. உலகெங்கும் பயன்படும் பெர்கின்ஸ் பிரெயில் தட்டச்சுக் கருவியை நம் காட்பாடியிலேயே வொர்த் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனத்தில் தயாரிக்கிறார்கள். புள்ளிகள் ஏறி இறங்கும் சிறிய மின்னணுக் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றான ஆர்பிட் ரீடர் 20-இல் ஒரு நேரத்தில் 20 கட்டம் படிக்கலாம், ஒரு அலமாரிப் புத்தகம் பைக்குள் அடங்கிவிடும். மேல்வகுப்பு மாணவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் சின்ன வகுப்புக் குழந்தைக்கு முழுப் பக்கமும் கையில் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பத்தி எங்கே தொடங்குகிறது, பட்டியல் எப்படி இறங்குகிறது, செய்யுள் எப்படி நிற்கிறது என்பதெல்லாம் ஒற்றை வரியில் தெரியாது.

மாற வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், நான் கோப்பைத்தான் சொல்வேன். பாடநூல் அச்சுக்குப் போகும் அதே நாளில், படமும் அலங்காரமும் இல்லாத யூனிகோட் எழுத்துக்கோப்பு ஒன்றும் பிரெயில் வேலை செய்கிறவர்களுக்கு வர வேண்டும். படங்களுக்கான விவரிப்பைப் பாடத்தை எழுதிய ஆசிரியரே இரண்டு வரியில் எழுதிவிடலாம். அந்தப் படம் எதற்காக அங்கே இருக்கிறது என்று அவருக்குத்தானே தெரியும்? எழுத்துணரியோடும் பழைய எழுத்துருவோடும் நாங்கள் மல்லுக்கட்டும் நேரம் மிச்சமாகும். அந்த நேரத்தில் கணக்குப் புத்தகத்தை முடித்துவிடலாம்.

அதுவரை ஆள் வேண்டும். உதவ வருகிறவர்கள் பலர் முதல் நாளே பிரெயில் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். கற்றுக்கொள்ளுங்கள், கட்டாயம் உதவும். ஆனால் அதற்கு முன்பே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஒற்றுப் பிழை இல்லாமல் யூனிகோடில் தட்டச்சு செய்யத் தெரிந்தால் போதும், ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். மெய்ப்பு பார்ப்பவருக்கு அச்சுப் பக்கத்தை நிதானமாக வாசித்துக் காட்டலாம். அறிவியல் ஆசிரியர்கள் படங்களுக்கு விவரிப்பு எழுதித் தரலாம். கணக்கு ஆசிரியர் யாராவது நெமத் முறையைப் படிக்கத் தயாராக இருந்தால் அவரை வாசலிலேயே வந்து அழைத்துப் போவேன். உங்கள் ஊரில் பார்வையற்ற குழந்தைகள் படிக்கும் பள்ளி இருக்கலாம், அல்லது அருகில் இருக்கும் அரசுப் பள்ளியில் அப்படி ஒரு குழந்தை படிக்கலாம். அங்கே வரும் சிறப்பாசிரியரிடம் அடுத்த வருடத்துக்கு எந்த வகுப்பு, எந்தப் பாடம் தேவை என்று இப்போதே கேளுங்கள். பள்ளி திறந்த பிறகு கேட்டால் காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் புத்தகம் போய்ச் சேராது.